நாற்பத்தெட்டு வோல்ட்டும் ரெண்டு கழுதையும்

...செத்துப்போச்சு சார்! நேத்தும் செத்துப்போச்சு, போன வாரமும் செத்துப்போச்சு. பதினோராவது தடவை! கதவைத் தொறந்தா ஒரு விளக்கு எரியல, ஒரு 'டிங்'னு சத்தம் வரல... எழுபத்தெட்டாயிரம் பவுண்டு காரு, வாசல்ல மாடு படுத்த மாதிரி கெடக்கு. நீங்கதானே மிஸ்டர் ஹெப்வொர்த்? கம்பெனிக்கும் எனக்கும் நடுவுல நின்னு, யாரு மேல தப்புன்னு பாத்து எழுதுற ஆளு? வாங்க வாங்க. நான் லென்னர்ட் என்ட்விசில். இந்த நட்ஸ்ஃபோர்டுல முப்பத்தாறு வருஷம் கண்ணு பாத்துக் கண்ணாடி குடுத்தவன். ஊர்ல பாதிப் பேரு என் கண்ணாடி வழியாத்தான் ரோட்டைக் கடக்குறான். அப்பேர்ப்பட்டவன் கண்ணுலயே மண்ணைத் தூவிட்டானுங்க சார்!

பேட்டரி முன்னாடி இல்ல, பின்னாடி, சாமான் வைக்கிற இடத்துக்கு அடியில... அட, உங்களுக்குத் தெரியாததா. நீங்க உங்க வேலையைப் பாருங்க. சார்ஜர் மாட்டணுமா, மாட்டுங்க. நான் பாட்டுக்குச் சொல்லிட்டே இருக்கேன்.

மூணு லிட்டர் பெட்ரோல் இன்ஜின். ஆறு சிலிண்டர், பஸ்ஸுக்கு நிக்கிற ஜனம் மாதிரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. முன்னூத்தித் தொண்ணூத்தஞ்சு குதிரை சக்தி. அது பத்தாதுன்னு இன்ஜினோட பெல்ட்டு போட்டு ஒரு மோட்டாரைக் கட்டிருக்கான். பிரேக்கை மிதிச்சா அது கரண்ட்டு சேக்குமாம். சேத்த கரண்ட்டை நாப்பத்தெட்டு வோல்ட்டு பேட்டரி ஒண்ணுல வச்சுக்குமாம். வண்டி கெளம்புறப்ப பின்னாலேர்ந்து ஒரு தள்ளு தள்ளுமாம். மைல்டு ஹைபிரிட்! அதென்ன சார் மைல்டு? நான் ஒருத்தர்கிட்ட 'உங்களுக்கு மைல்டா கண்ணு தெரியும்'னு சொல்லிருந்தா சும்மா விட்டுருப்பாங்களா?

எதிர்வீட்டு டக்ளஸ் முதல் நாளே வந்து சுத்திச் சுத்திப் பாத்தான். "என்னப்பா லென்னர்ட், இதுக்கு எங்க ப்ளக்கு சொருகுவ?"ன்னான். சொருக வேணாம்யா, அதுவே சேத்துக்கும்னேன். "சரி, வெறும் கரண்ட்டுல எவ்ளோ தூரம் போவும்?" போகாதுன்னேன். "ஒரு மைல்?" போகாதுய்யா! "கேட்டு வரைக்கும்?" போகாதுன்றேன்ல! "அப்ப என்ன எழவுக்கு அது?"ன்னு கேட்டுட்டுச் சிரிக்கிறான். அவன் வண்டி இருபத்தேழு வருஷத்து டீசல் சார். பின்கதவைக் கயித்தால கட்டிருக்கான். தெனம் காலைல அது கடகடன்னு ஸ்டார்ட்டாகும்போது என் ஜன்னலைப் பாத்து ஒரு சல்யூட் வேற!

என்ன, உங்க சோதனை மெஷினை எங்க சொருகணும்னா? ஸ்டீரிங்குக்குக் கீழ. குனியணும்... பாத்து, தலை, தலை... ஐயோ. நானும் தெனம் அங்கதான் இடிச்சுக்குவேன்.

வாங்குன மறுநாள் சிக்னல்ல நிறுத்துனேன், இன்ஜின் பொட்டுனு ஆஃப். எனக்கு வேர்த்துப்போச்சு. எறங்கி பானெட்டைத் தொறந்து நிக்கிறேன், பின்னாடி லாரிக்காரன் திட்டுறான் பாருங்க, என் அம்மாகூட எனக்கு அவ்ளோ பேரு வச்சதில்ல. அப்புறம்தான் சொல்றாங்க, சிக்னல்ல அது அப்படித்தான் தூங்குமாம், பிரேக்கை விட்டா சத்தமில்லாம முழிச்சுக்குமாம். சரி, அதை விட்டுட்டேன். அதைப் புகார்ல எழுதல. எழுதுனேன்... மூணாவது பக்கம். அடிச்சிருங்க.

ஆனா இந்தப் பேட்டரி சாவுது பாருங்க, அதுக்கு என்ன சொல்வீங்க? வழியில நின்னா வந்து எடுத்துவிடுற கெவின்னு ஒரு ஆளு. என் டீக்கு எத்தனை சக்கரைன்னு அவனுக்குத் தெரியும், அவன் டீக்கு எத்தனைன்னு எனக்குத் தெரியும். என் பொண்டாட்டி மோரக் அவன் குழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னிட்டா! அவ்ளோ தடவை வந்துட்டான்.

ஷோரூம்ல கேட்டா, ப்ரான்வென்னு ஒரு வேல்ஸ் பொண்ணு, "பேட்டரி நல்லா இருக்கு மிஸ்டர் என்ட்விசில், நீங்க அடிக்கடி கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டுறீங்களோ?"ன்னு கேக்குது. என்னையா! என்னைக் கேக்குது! நான் கத்துனேன் சார். ரொம்பக் கத்துனேன். அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை குரல் உசத்தல. டீ கொண்டாந்து வச்சுது. நான் டீயைக் குடிச்சுட்டு, மறுபடி கத்துனேன்.

அப்பதான் கழுதை ஐடியா வந்துச்சு. பிளாக்பூல் கடற்கரையில புள்ளைங்களை ஏத்திட்டுப் போகுமே, அந்தக் கழுதைக்காரன்கிட்ட ரெண்டு புடிச்சு, காருக்கு முன்னாடி கட்டி, ஷோரூம் வரைக்கும் இழுத்துட்டுப் போனேன். முன்னூத்தித் தொண்ணூத்தஞ்சு குதிரையை ரெண்டு கழுதை இழுத்துச்சு! பேப்பர்ல போட்டோ வந்துச்சு. பாத்தீங்களா? நான் நடுவுல நிக்கிறேன், எது நான்னு டக்ளஸ் கேட்டான்.

ம்? என்ன, ஏதோ ஓடுது ஸ்கிரீன்ல... லாக்கா? கார் எழுதி வச்ச குறிப்பா? எல்லாத்தையுமா எழுதும்? எப்ப கதவு தொறந்துச்சு, எப்ப சீட்டு சூடாச்சு, அதெல்லாம் கூடவா...

அப்படியா.

...மழை வர்ற மாதிரி இருக்குல்ல? உள்ள போய் ஒரு டீ குடிப்போமா சார்? வேணாமா.

சரி. படிங்க. தெனம் மத்தியானம் மூணு மணிக்கு டிரைவர் கதவு தொறக்குது. ம். இன்ஜின் ஓடல. ம். சீட்டு சூடு, முழுசா. சீட்டு மசாஜ், நடு முதுகு. ரேடியோ. எட்டு ஸ்பீக்கர் இல்ல சார், பதினாறு... சரி சரி, படிங்க. அஞ்சு மணிக்குக் கதவு மறுபடி தொறக்குது. 'பேட்டரி குறையுது, இன்ஜினை ஓட்டவும்'னு எச்சரிக்கை நூத்திப் பதிமூணு தடவை. நூத்திப் பதிமூணு தடவையும் யாரோ 'ஓகே' அமுக்கிருக்காங்க.

யாரோ இல்ல. நான்தான்.

நான்தான் சார். சாவி ரெண்டுதான் இருக்கு, மோரக் இந்தக் காரைத் தொட மாட்டா. எப்படிப் பாத்தாலும் என் பக்கம்தான் வருது.

இப்படிப் பாக்காதீங்க. காரணம் இருக்கு. மோரக்குக்கு ஒரே தம்பி, ஹேமிஷ். ஸ்காட்லாந்துல, அபர்டீன்ல இருக்கான். அவன் வீட்டுக் குளியலறைல தண்ணி ஒழுகுது, சரி பண்ற வரைக்கும் ஒரு சனி ஞாயிறு இருந்துட்டுப் போறேன்னு மார்ச் மாசம் வந்தான். இது அக்டோபர். பேக்பைப் வாசிப்பான், அதான் தோல் பையில காத்து நெரப்பி, கக்கத்துல அமுக்கி ஊதுவாங்களே, அது. போட்டிக்குப் பழகுறானாம். மூணுலேர்ந்து அஞ்சு. எங்க சமையக்கட்டுல! சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சத்தம் அவனுக்குப் புடிச்சிருக்காம். யாரோ வாத்து மேல ஏறி உக்காந்து, எந்திரிக்க மாட்டேங்கிற மாதிரி இருக்கும் சார். அலமாரில தட்டு ஆடும். என் பல்லு ஆடும்.

மோரக்கிட்ட எப்படிச் சொல்றது? அம்மா அப்பா இல்லாம இவதான் வளத்தா அவனை. வந்த புதுசுல அவன் வாசிக்கும்போது கண்ணைத் தொடச்சுக்கிட்டா, நான் பாத்திருக்கேன். அந்த முகத்தைப் பாத்து 'உன் தம்பியை நிறுத்தச் சொல்லு'ன்னு எப்படிச் சொல்வேன்? அதான்... தோட்டத்துல வேலை இருக்குன்னு சொல்லிட்டு இதுக்குள்ள வந்து சீட்டைச் சாச்சுப் படுத்துக்குவேன். ஜன்னலுக்கு ரெண்டு அடுக்குக் கண்ணாடி. கதவைச் சாத்துனா உலகமே இல்ல! இன்ஜினை ஓட விட்டா அவன் எட்டிப் பாத்து, "மாமா, எங்க போறீங்க, நானும் வரேன்"பான். அதனால ஓட்டுறதில்ல. முதல்ல பேட்டரி செத்தப்ப நெசமாவே கார் மேலதான் தப்புன்னு நெனச்சேன் சார், சத்தியமா. நாலாவது தடவை லேசா சந்தேகம் வந்துச்சு. ஆனா அதுக்குள்ள கழுதைக்கு முன்பணம் குடுத்துட்டேன்.

'பேட்டரி கொஞ்சம் பலவீனம்'னு எழுத முடியாதா? 'களைப்பு'ன்னு? ஒரே ஒரு வரி... முடியாதா. தெரியும். நான் கூட யாருக்கும் பொய்க் கண்ணாடி குடுத்ததில்ல.

என்ன சொன்னீங்க? ப்ரான்வென்னையா? அந்தக் கழுதைப் படம் வந்ததுனால வேற ஊருக்கு மாத்துறாங்களா? எப்ப... வெள்ளிக்கிழமையா! ஐயோ, அது என்ன பண்ணுச்சு? டீதானே குடுத்துச்சு!

இருங்க. போனை எடுங்க, இல்ல, என் போன்... இதோ. ரிங்கு போகுது. ஹலோ, ப்ரான்வென்னா? லென்னர்ட் என்ட்விசில். கட் பண்ணிராதம்மா! கத்தல, கத்த மாட்டேன். காருல ஒண்ணும் இல்லம்மா. தப்பு என் மேல. ஆமா... என் மேலதான். தெனம் உள்ள உக்காந்து நானே கரண்ட்டைக் குடிச்சிருக்கேன். உங்க மேலாளர்கிட்டக் குடு, அவர்கிட்டயும் சொல்றேன். பேப்பர்லயும் சொல்றேன். வேணும்னா கழுதைங்களோட நின்னு சொல்றேன்... என்னம்மா? அழுவுறியா? சிரிக்கிறியா? சரி, சிரி. எவ்ளோ வேணா சிரி. வரட்டுமா? இப்பவே வரேன்.

வச்சுட்டேன். நெஞ்சு லேசாச்சு சார். நீங்க தாராளமா எழுதுங்க, 'குறை ஒண்ணும் இல்லை'ன்னு. மணி என்ன? மூணா... கேட்டீங்களா? ஆரம்பிச்சுட்டான். இது சும்மா காத்து நெரப்புறதுதான், இனிமேதான் பாட்டு... எங்க சார் போறீங்க? கார் உள்ளயா? உக்காருங்க, உக்காருங்க, நானும் வரேன். மசாஜா? எடது பக்கம், ரெண்டாவது பட்டன். ஆங், அதுதான். மொகமே மாறிப்போச்சு உங்களுக்கு!

யாரது கண்ணாடியைத் தட்டுறது... மோரக்! டக்ளஸோட நாய் உன் கையில எப்படி... அஞ்சு மாசமா தெனம் மூணு மணிக்குப் பின்வாசல் வழியா இதை நடக்கக் கூட்டிட்டுப் போறியா? அடிப்பாவி, ஏன்? ...என்னது, உனக்கும் தாங்கலையா! அப்ப கண்ணைத் தொடச்சுக்கிட்டது? தலைவலியா! நான் உன் மனசு கஷ்டப்படும்னு... நீயும் என் மனசு கஷ்டப்படும்னா? எனக்கு அது புடிக்கும்னு யாரு சொன்னா? ஒருநாள் கை தட்டுனேனா? நிறுத்திட்டான்னு தட்டுனேன்டி!

பின்னாடி ஏறு. நாயையும் ஏத்து. அவன்கிட்ட ராத்திரி சாப்பாட்டுல ரெண்டு பேரும் சேந்து சொல்வோம், முதல்ல நீ... சரி, முதல்ல நான். சார்ஜரைக் கழட்டிட்டீங்கள்ல மிஸ்டர் ஹெப்வொர்த்? பட்டனை அமுக்குறேன்... ஆயிடுச்சா? ஆயிடுச்சு! ஒரு சத்தம் வந்துச்சா? என்ன இன்ஜின் சார் இது! அரை மணி நேரம் நல்லா ஓட்டுனா பேட்டரி தானா நெறைஞ்சிரும்னு சொல்வாங்க...

மோரக், என்ன பாக்குற பின்னாடி? சமையக்கட்டு ஜன்னலா? அய்யய்யோ, பாத்துட்டான். பைப்போடயே ஓடி வரான். சார், உங்க பக்கத்துக் கதவு சரியாச் சாத்தல, 'டிங் டிங்'னு அடிக்குது பாருங்க... சாத்துங்க சார், சாத்துங்க, வந்துட்டான்!