கேக்கோடு திரும்பிய கார்

“கெனெத், உன்னுடைய காரை நான் வாங்குகிறேன்.”

டேனிஷில் அது இன்னும் சின்ன வசனம். இறுதி ஓட்டம் முடிந்து, கையில் கிண்ணத்தோடு அவன் படத்துக்கு நின்றுகொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என் ஜாக்கெட் கையைப் பிடித்து இழுத்தார்.

“அதை மட்டும் கேக்கப்படாது எண்டு உனக்கு எத்தினை தரம் சொன்னனான்?”

சொன்னவர்தான். நாங்கள் கிளப்பில் சேர்ந்த நாளிலேயே சொன்னார்.

எங்கள் கிளப் டென்மார்க்கின் யுட்லாந்தில், ஹேர்னிங்குக்கு வெளியே, மணல் தோண்டி எடுத்த ஒரு பழைய கிடங்கில் ஃபோல்கரேஸ் ஓடுகிற கிளப். றோட்டில் ஓட இனி அனுமதி கிடைக்காது என்ற நிலைக்கு வந்த காரை எடுத்து, சீற்றுகளைக் கழற்றி எறிந்து, உள்ளே இரும்புக் கூண்டு வைத்து, மண் தடத்தில் முட்டி மோதி ஓடுவது. காசுள்ளவன் காருக்குள் காசைக் கொட்டி வெல்லக்கூடாது என்பதற்காக ஒரு விதி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்ட நாளிலும் இறுதி ஓட்டம் முடிந்ததும் எந்த அங்கத்தவரும் எந்தக் காரையும் ஒரே நிர்ணய விலைக்குக் கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.

விதி அப்படி. வழக்கம் வேறு. ஒருவரும் கேட்பதில்லை. கோபத்தில் யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், அடுத்த கிழமை அவருடைய வீட்டார் ஒரு கேக்கையும் தூக்கிக்கொண்டு காரைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவார்கள். கோப்பி குடிப்பார்கள். அதன்பிறகு அந்தக் கதையை ஒருவரும் எடுக்கக்கூடாது. யுட்லாந்துக்காரர் சண்டையை முடிக்கிற விதம் இது. கிளப்பில் இதற்குக் ‘கேக்கோடு திருப்புவது’ என்று பெயர்.

அந்த வழக்கத்தை நம்பித்தான் நான் கேட்டேன். கார் எனக்குத் தேவையில்லை. ஒரு கிழமைக்குத் தேவைப்பட்டது.

என் பெயர் அஜந்தினி. அப்பா அந்தோனிதாசன் துணி ஃபக்டரியில் நின்று காலம் முழுக்க உழைத்தவர். அம்மா மேரிசெலின் முதியோர் இல்லத்தில் வேலை. எங்கள் குடும்பத்தில் யூனிவர்சிட்டி வாசலை மிதித்த முதல் ஆள் நான், இயந்திரப் பொறியியல். பட்டத்தோடு போன முதல் நேர்முகத்தில், “உங்கள் டேனிஷ் மிகவும் நன்றாக இருக்கிறது” என்றார்கள். “நான் இந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். உங்களுடையதும் பரவாயில்லை” என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை. வாயை மூடிக்கொண்டு போன இடத்தில் கிடைத்தது. மற்றவர்கள் கீறிய இயந்திர வரைபடங்களில் போல்ட்டுகளின் அளவு சரியா என்று பார்க்கிற வேலை. சரியாக இருந்தால் என்னை ஒருவருக்கும் தெரியாது.

மணல் கிடங்கில் என்னைத் தெரியும். தம்பி ஸ்ரான்லி ஓட்டுவான், அவனுடைய காரை நான் கட்டுவேன். யார்யாரோ கழித்துவிட்ட இரும்பில் கட்டிய கார் முன்னுக்கு வரும்போது, வேலியோரம் நிற்கிற டேனிஷ் கிழவர்கள்கூட, “அது அயாவின் கார்” என்பார்கள். என் பெயரை அவர்களால் அவ்வளவுதான் சொல்ல முடியும். அது எனக்குப் போதுமாக இருந்தது.

போன வருடம் கிளப் இரண்டாகப் பிரிந்தது. பிரெடெரிசியாவுக்கு வெளியே புதிதாக ஒரு தார்த் தடம் கட்டியிருந்தார்கள். கூரை போட்ட இருக்கைகள், பெரிய திரை, வெளிச்சக் கம்பங்கள். அங்கே போய்விடவேண்டும் என்று ஒரு பக்கம். கிடங்கை விட்டு அசையக்கூடாது என்று மறுபக்கம். ஓட்டுகிறவர்களைவிடப் பார்க்க வருகிறவர்கள்தான் கூடுதலாகச் சண்டை பிடித்தார்கள். வருடக்கணக்காக ஒரே வேலியில் சாய்ந்து பியர் குடித்தவர்கள் முகநூலில் ஆளையாள் தடை செய்தார்கள். பார்க்க வந்த தமிழாட்களும் பிரிந்தார்கள்.

“மண் பறக்காட்டி அதென்ன றேஸ்?” என்பார் சண்முகலிங்கம் மாமா. அப்பாவோடு ஒரே ஃபக்டரியில் நின்றவர், பென்சன் எடுத்த பிறகு ஓர் ஓட்டமும் தவறவிட்டதில்லை. “தாரிலை கார் ஓடுறதைப் பாக்கிறதெண்டால் நான் மோட்டர்வே பாலத்திலை கதிரை போட்டு இருப்பன். ரிக்கற்றும் இல்லை.”

“அங்கிள், அங்கை கக்கூசிலை சுடுதண்ணி வருது,” என்பான் பிரெடெரிசியாவிலிருந்து வருகிற கஜதீபன்.

“நீ றேஸ் பாக்க வாறியோ, குளிக்க வாறியோ?”

“போன மாசம் மழைக்குள்ளை நிண்டு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருமினது ஆர்? கூரைக்குக் கீழை இருந்து இருமுங்கோ எண்டுதான் சொல்லுறன்.”

“கூரைக்குக் கீழை இருக்க எனக்கு வீடிருக்கடா.”

எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. மண்ணில் கார் சறுக்கும். சறுக்குகிற காரை அடக்க அறிவு வேண்டும், பாரத்தை எங்கே வைப்பது என்று தெரிந்த ஆள் வேண்டும். தாரில் ரயர் பிடித்துக்கொள்ளும். அங்கே வெல்வதற்கு நல்ல ரயரும் நல்ல எஞ்சினும் போதும், இரண்டையும் கடையில் வாங்கலாம். தடம் மாறினால் ஸ்ரான்லிக்கு அங்கே இடமிருக்காது. என்னைப் பற்றி நான் யோசிக்கவில்லை. முழுக்க அவனைத்தான் யோசித்தேன். இதை நீங்கள் மனதில் வைத்திருக்கவேண்டும்.

கூட்டத்தில் எழுந்து இதையெல்லாம் விளக்கினேன். போவோம் என்ற பக்கத்துக்குத் தலைவன் கெனெத். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு, எவருக்கும் தன் ஸ்பானரைக் கொடுத்து உதவுகிற மனிதன். அவன் என் தோளில் கையை வைத்து, “நீ நன்றாகப் பேசுகிறாய், அயா” என்றான். பிறகு தேதி குறித்தார்கள். புதுத் தடத்தில் ஒரு பரீட்சார்த்த ஓட்டம். அதைப் பார்த்துவிட்டு வாக்கெடுப்பு.

நன்றாகப் பேசுகிறேன் என்று சொன்னவர்கள் ஒருவரும் நான் என்ன சொன்னேன் என்று திருப்பிச் சொல்லமாட்டார்கள். ஆகவே பேசுவதை விட்டேன், இறுதி ஓட்டத்தன்று காரைக் கேட்டேன்.

கெனெத்தின் கார் எங்கள் கராஜுக்கு வந்தது. வீட்டில் செத்தவீடு மாதிரி இருந்தது. அம்மா என்னோடு கதைக்கவில்லை. அப்பா, “ஞாயிறு பூசை முடிஞ்ச கையோடை கொண்டுபோய் விடுறம், நீயும் வாறாய், வாயாலை மன்னிப்புக் கேக்கிறாய்” என்றார். ஓம் என்றேன். அவர்கள் மாதா கோயிலுக்குப் போன நேரத்தில் நான் கராஜுக்குள் இறங்கினேன். ஸ்ரியரிங்கையும் முன் சில்லையும் இணைக்கிற கம்பி ஒன்று இருக்கிறது. அதில் கொஞ்சம் அராவி எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத அளவு, மேலே பழைய கிறீஸைப் பூசினேன். நான் கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. கணக்குப் போட்டுத்தான் செய்தேன். மண்ணில் சில்லு சறுக்கும், அந்தக் கம்பிக்குப் பெரிய பாரம் வராது. தாரில் சில்லு பிடிக்கும், முழுப் பாரமும் அங்கேதான் விழும். கிடங்கில் ஓடினால் அந்தக் காருக்கு ஒன்றும் நடக்காது. நான் காரைப் பழுதாக்கவில்லை. புதுத் தடத்தில் இருக்கிற பிழையைக் கார் சொல்வதற்கு ஒரு வழி செய்தேன்.

அம்மா கிறிஸ்மஸுக்குச் செய்கிற றிச் கேக்கைச் செய்திருந்தாள். கெனெத் வீட்டில் அதை அவனே வெட்டினான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் கண் கலங்கினான். இரண்டாவது துண்டையும் வாயில் வைத்துக்கொண்டு, “இனிப் பழையதைப் பேசவேண்டாம். பரீட்சை ஓட்டத்தில் இந்தக் காரை ஸ்ரான்லி ஓட்டட்டும். இரண்டு பக்கமும் ஒன்று என்று எல்லோருக்கும் தெரியட்டும்” என்றான்.

ஸ்ரான்லி கதிரையை விட்டு எழும்பிவிட்டான். கிளப்பிலேயே நல்ல கார் அது.

“பாத்தியா?” என்றார் அப்பா என் காதுக்குள். “பணிஞ்சு போனால் மனிசர் எவ்வளவு தாறாங்கள் எண்டு பாத்தியா?”

என் வாயில் கேக் இருந்தது. அதை மென்று விழுங்க நேரம் எடுத்தது. விழுங்கிய பிறகு கதை வேறெங்கோ போய்விட்டது.

அதற்குப் பிறகும் நாட்கள் இருந்தன, சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பாருங்கள். என்னைக் கிளப்பை விட்டுக் கலைத்திருப்பார்கள், கூடவே ஸ்ரான்லியையும். கிடங்கை மூடியிருப்பார்கள். அவனுக்காகத்தான் இவ்வளவும் செய்தேன், அதை அவனுக்காகவே பாழாக்குவதா? அவன் நல்ல ஓட்டக்காரன். ஒரு சில்லு போனாலும் சமாளிப்பான் என்று நம்பினேன்.

அன்று பிரெடெரிசியாவில் நல்ல வெயில். சண்முகலிங்கம் மாமா கூரைக்குக் கீழே இருந்து, கதிரை மெத்தையைக் கையால் அமத்திப் பார்த்துவிட்டு, “மெத்தை பரவாயில்லை, ஆனால் நான் கட்சி மாறேல்லை” என்றார். நான் கீழே காரடிக்குப் போனேன். ஸ்ரான்லியின் பெல்ட்டை எப்போதும் நான்தான் இறுக்குவேன். அன்றும் நான்தான் இறுக்கினேன்.

“ஏனக்கா மூஞ்சையை இப்பிடி வச்சிருக்கிறாய்? நான் அவங்கட பக்கம் போகேல்லை. சும்மா ஒருக்கா ஓடிப் பாக்கிறன்.”

“கவனம்,” என்றேன்.

அதை நான் சொன்னேன். பக்கத்தில் நின்ற கஜதீபனும் கேட்டவன். எச்சரிக்கவில்லை என்று ஒருவரும் என்னைச் சொல்ல முடியாது.

கணக்கு சரியாகவே இருந்தது. ரயர் சூடேறிப் பிடிக்கத் தொடங்கிய பிறகு, தூர வளைவில், முன் சில்லு தன்பாட்டுக்கு ஒரு பக்கம் திரும்பியது. கார் மற்றப் பக்கம் போனது. அங்கே சீமெந்துச் சுவர். அம்மா செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டாள். ஹெலிகொப்டர் தடத்தின் நடுப் புல்லில் இறங்கியது. ஸ்ரான்லி உயிரோடு வந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் வரவில்லை.

ஆளை முறித்த காரை வைத்திருக்கக்கூடாது என்பது கிளப்பின் இன்னொரு வழக்கம். கெனெத் அந்தக் கிழமையே காரை நசுக்கக் கொடுத்துவிட்டான். நல்ல வழக்கம். இரும்பு களைத்து உடைந்தது, தான் ஒருமுறை பார்த்திருக்கவேண்டும் என்று அவன் நம்பினான். உடம்பு வற்றிப்போனது. ஒவ்வொரு சனியும் எங்கள் வீட்டுக்கு வந்து, அம்மா போட்டுக் கொடுக்கிற தேத்தண்ணியைத் தொடாமல் இருப்பான். “உன்மேல் பிழையில்லை, கெனெத்” என்று நான் சொன்னேன். என் வாழ்க்கையில் அவனுக்குச் சொன்ன முழு உண்மை அதுதான்.

முகநூலில் காற்று திரும்பியது. தார் ஆளைக் கொல்லும் என்று எழுதினார்கள். போவோம் என்று நின்ற ஆட்களே கிடங்கின் பழைய படங்களைப் போட்டார்கள். வாக்கெடுப்பு நாளில் நான் அமைதியாகப் போனேன். என்ன முடிவு வரும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

கிளப் வீட்டு வாசலில் ஸ்ரான்லியின் சில்லுக்கதிரை மணலில் புதைந்தது. அப்பாவும் கெனெத்தும் கதிரையோடு சேர்த்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்ரான்லி தானும் பேசவேண்டும் என்று கேட்டான். டேனிஷில் பேசினான்.

“இங்கே நடந்திருந்தால் நான் செத்திருப்பேன். இந்தக் கதிரையே வாசலில் புதைகிறது, அம்புலன்ஸ் எங்கே புதைந்திருக்கும்? அந்தத் தடத்தில்தான் உடனே ஆள் வந்தது. நான் அங்கே போகத்தான் வாக்களிக்கிறேன். விபத்துக்கு முதலும் எனக்கு அந்த விருப்பம்தான். அக்காவுக்குச் சொல்லப் பயமாக இருந்தது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகு கெனெத் எழுந்தான். தான் புதிதாக ஒரு கார் கட்டுவதாகச் சொன்னான், கால் தேவையில்லாத கார், எல்லாம் கையால். தார் ஒரே சீராக இருப்பதால் ஸ்ரான்லி அதை அங்கே ஓட்டலாம், கிடங்கில் முடியாது. மே மாதம் முதல் ஓட்டம். அம்மா அழுதாள். அப்பா போய்க் கெனெத்தைக் கட்டிப்பிடித்தார். கை உயர்த்தச் சொன்னார்கள். சண்முகலிங்கம் மாமாகூட, “பொடியன் கேக்கிறான், என்ன செய்யிறது” என்று முணுமுணுத்துக்கொண்டு கையைத் தூக்கினார்.

என்னைத் தவிர எல்லோரும் தூக்கினார்கள்.

ஸ்ரான்லி என்னைப் பார்த்தான். “அக்கா, பிளீஸ். அந்தக் காரை நீயும் கெனெத்தோடை சேந்து கட்டு.”

“கெனெத் நல்லாய்க் கட்டுவான்,” என்றேன். “நான் பிறகு பாக்கிறன்.”

அவனுக்கு விளங்கவில்லை. தனக்கு எது நல்லது என்று அவனுக்கு எப்போதுமே விளங்கியதில்லை, அதனால்தான் அக்கா என்று ஒருத்தி தேவைப்படுகிறாள். மண்ணில் அவன் வென்றவன். தாரில் அவன் எல்லோரும் கைதட்டிப் பாவம் பார்க்கிற ஒருவன். அப்படி அவனை நான் விடமாட்டேன்.

ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். யாரும் கவனிக்கவில்லை, உள்ளே கோப்பி ஊற்றத் தொடங்கியிருந்தார்கள். கிடங்கின் மேல் காற்று மண்ணைக் கிளப்பிக்கொண்டிருந்தது. தடம்தான் மாறியிருக்கிறது. விதிப்புத்தகம் மாறவில்லை. இறுதி ஓட்டம் முடிந்ததும் எந்த அங்கத்தவரும் எந்தக் காரையும் கேட்கலாம், கேட்டால் கொடுக்கவேண்டும். ஓட்டுகிறவன் என் தம்பியாக இருந்தாலும்.

மே மாதம் நான் கேட்பேன். அப்பா கையைப் பிடித்து இழுப்பார். கார் ஒரு கிழமை எங்கள் கராஜில் நிற்கும், பிறகு திருப்பிக் கொடுப்போம்.

எந்தக் கேக் கொண்டுபோவது என்று மட்டும்தான் இன்னும் யோசிக்கவில்லை. ஸ்ரான்லிக்கு றிச் கேக் பிடிக்காது.