மேலே நூறு, கீழே நூறு

சுக்குக்காப்பி நன்றாயிருக்கிறது ஐயா. இன்ஸ்பெக்டர் கையால் காப்பி வாங்கிக் குடிப்பேன் என்று நினைத்ததில்லை.

நான் வேதநாயகம். முக்கூடலுக்கு மேற்கே, ஆற்றுக்கால் தண்ணீரில் டைனமோ ஓடும் பஞ்சு மில்லில் மின்சார மேஸ்திரி. டைனமோ அனுப்பும் இரண்டாயிரம் வோல்ட்டை மில்லுக்குத் தக்கபடி குறைத்துக் கொடுப்பது டிரான்ஸ்பார்மர். எண்ணெய் நிரம்பிய இரும்புத் தொட்டி. இரண்டாயிரத்துக்கு மேலே நூறு, கீழே நூறு வோல்ட் வரை தாங்கும் என்று அதன் தகட்டில் பொறித்திருக்கிறது. அதற்கு மேலே ஏற்றினால் உள்ளே கொதிக்கும். மனிதர்களில் அவ்வளவு பொறுப்பவர்கள் குறைவு.

நூகு என் உதவியாள். வெள்ளிக்கிழமை அவன் ஜும்ஆவுக்குப் போனால் இயந்திரத்தை நான் பார்ப்பேன். ஞாயிறு நான் வேதக்கோவிலுக்குப் போனால் அவன் பார்ப்பான். என் மனைவி சாரம்மாள் காலராவில் போனபோது சபையார் வாசலோடு நின்றுகொண்டார்கள். நூகுதான் உள்ளே வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தான். அதன்பிறகு எனக்கென்று இருந்தவன் அவன் ஒருவன்தான்.

போன தை மாதம் சொன்னான்.

"அண்ணாச்சி, கொழும்பு மில்லுல கூப்பிடுதாவ. திங்கக்கெழம கெளம்புதேன்."

"இங்கன என்னவே கொறச்சல்?"

"கொறச்சல்னு இல்ல அண்ணாச்சி. நாலு ஊரு பாக்கணும்லா."

நியாயந்தான். நான் கோபப்படவில்லை. டிரான்ஸ்பார்மர் கெட்டுப்போனால் உள்ளிருக்கும் கம்பிச்சுருளை மறுபடி சுற்றி முடிக்காமல் அவன் நகரமாட்டான் என்று மட்டும் நினைத்தேன். ஆறு மாத வேலை. ஆகவே அந்த வெள்ளிக்கிழமை அவன் தொழுகைக்குப் போனதும், யாருக்கும் காயம்படக் கூடாதென்று மற்ற ஆட்களையும் சாப்பிட அனுப்பிவிட்டு, டைனமோவில் வோல்ட்டைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைத் திருப்பினேன். மீட்டர் முள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குப் போனது. பக்கத்துக் கொட்டகையில் தொட்டி முனகத் தொடங்கியது.

நூகுவுக்கு ஒரு பழக்கம். எங்கே போய்த் திரும்பினாலும் முதலில் அந்தத் தொட்டியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பான், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல. ஆம், எனக்குத் தெரியும்.

அவன் வருவதை ஜன்னல் வழியே பார்த்தேன். என் கை சக்கரத்தில்தான் இருந்தது. குறைத்திருந்தால் தொட்டி ஆறியிருக்கும். அவனும் திங்கட்கிழமை தூத்துக்குடியில் கப்பல் ஏறியிருப்பான்.

"அண்ணாச்சி, கொறைங்க, எண்ணெ கொதிக்கு" என்று கத்தினான்.

நான் குறைக்கவில்லை. மூடி பிளந்து எண்ணெய் முழுவதும் அவன்மேல் கொட்டியது. பொழுது சாய்வதற்குள் அடங்கிவிட்டான். என் மடியில்தான் கிடந்தான். அன்றைக்கு அழுததுபோல் சாரம்மாளுக்குக்கூட நான் அழவில்லை.

நீங்கள் என்னைப் பிடித்து வரும்வரை தினமும் மையவாடிக்குப் போய் அவன்மேல் மூடிய மண்ணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சூடில்லை.

கொன்றேன் என்று எழுதுகிறீர்கள். அது சரியில்லை ஐயா. போகவேண்டாம் என்று நினைத்தேன். அவன் போகவில்லை.