தெனமும் ஏறுற ஒண்ணு

அந்த நம்பர நானே வருசக்கணக்கா சந்தேகப்பட்டுட்டுத்தானுங்க இருக்கறன். ஆனா எடுத்துராதீங்க ஜெர்சன் தம்பி. வெப்சைட்ட எப்படி வேணும்னாலும் புதுசாக்குங்க. எத்தன பேரு வந்து பாத்தாங்கன்னு அடியில காட்டுதே, நீங்க மாட்டி உட்டது, அது மட்டும் அங்கயே கெடக்கட்டும்.

இல்லீங்க, ரூம் வாடகைக்கு உடறத எப்பவோ நிறுத்தியாச்சு. ஊட்டிய உட்டுப்போட்டு சோலூர்ல யாரு வந்து தங்கறாங்க? இப்ப கேரட்டு மட்டுந்தான். மார்க்கெட்ல மூட்டைய எறக்கிட்டுத்தான் உங்க கடைக்கு ஏறி வந்தேன்.

நீங்க கேக்கறது நாயந்தான். ரூமே இல்லாத சைட்டுல பட்டர் பீன்ஸ் கொளம்பு படம் எதுக்கு? என்ற ஊட்டுக்காரி வேலாமணி போடச் சொன்னதுங்க அது. நாயப் புடிச்சு நிறுத்தி ஒண்ணு. ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு ஒண்ணு.

சைட்ட செஞ்சது எங்க பையன் அஸ்வந்துங்க. காலேஜ் படிக்கையில செஞ்சான். அப்பறம் பெங்களூர் வேலைக்குப் போனான், போன் நம்பர மாத்திட்டான். சண்டையா? ஒரு சண்டையுமில்லீங்க. இருந்திருந்தா காரணமாவது இருக்குமல்ல. போலீஸ்ல சொன்னோம். அவங்ககிட்ட பேசுனானாம். நல்லா இருக்கறேன், தேட வேண்டாம்னானாம். அதுக்கு மேல அவங்களுந்தான் என்ன பண்ணுவாங்க.

சைட்டு அட்ரஸ் அவனுக்குத் தெரியுமல்லங்க. காத்தால பல்லு வெளக்குனதும் போன்ல தொறப்பேன். ஒருக்காத்தான். அடிக்கடி பாத்தா மனசு என்னமோ ஆயிரும். நேத்தைக்கு இருந்ததவிட ஒண்ணு ஏறியிருக்கும். ரெண்டு ஏறாது, ஏறாமயும் இருக்காது. வேலாமணி அடுப்புக்கிட்ட இருந்தே கேப்பா, பாத்தானான்னு. பாத்துட்டான்டீம்பேன். அப்பறந்தான் டீய ஊத்துவா. ஒருநா வஞ்சா பாருங்க, கொளம்புப் படம் போட்டமே, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த எழுதறானா, அப்பன மாதிரியேன்னு. அன்னிக்கு ரெண்டு பேரும் சிரிச்சோம்.

போன மழையில மண்ணு சரிஞ்சு கரண்டும் போச்சு, டவரும் போச்சு. கொஞ்ச நாளு ஒண்ணுமே பாக்க முடியல. சிக்னல் வந்த அன்னிக்குத் தொறக்கறன், அத்தன நாளைக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணுதான் ஏறியிருக்குது. பெங்களூர்ல ஏதுங்க மண்சரிவு? அவகிட்ட, தெனமும் பாத்திருக்கான்டீன்னு சொல்லிப்போட்டேன். அப்ப இருந்து எனக்கு அழுகையும் வரல, ஒண்ணும் வரலீங்க. கேரட்டு புடுங்கறன், சாப்படறன், தூங்கறன். காத்தால எந்திரிச்சு அதையும் தொறக்கறன்.

அவ கீழ வண்டியிலதான் உக்காந்திருக்கறா. புதுசா ஒரு படம் எடுத்துட்டு வந்திருக்கறா, உங்ககிட்டயே குடுத்து முதல் பக்கத்துல பெருசாப் போடணுமாம். படியேறி வந்துருவா. அதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க தம்பி.

நான் காத்தால தொறந்து பாக்கறனே... அதையும் ஒரு ஆளுன்னு எண்ணிக்குதுங்களா அது?