ரெண்டு பேர் ஊத்தின தண்ணி

இல்ல தம்பி, இந்தச் செடியை நான் கொல்லல. அப்படிப் பாக்காதீங்க என்னை. இது டெண்ட்ரோபியம், ஆர்க்கிட்ல ஒரு ஜாதி, மண்ணு ஆகாது, கரித்துண்டும் மரப்பட்டையும்தான், வெளிச்சம் வேணும், தண்ணி அளவோட. எல்லாம் எனக்கு மனப்பாடம். பொண்ணு இதை வாங்கிக் குடுத்தப்ப கூடவே ஒரு அட்டையும் குடுத்தா. அதை லேமினேட் பண்ணி ஜன்னல் பக்கத்துல ஒட்டியிருக்கேன். எங்க கல்யாண போட்டோவுக்கு இன்னும் ஃப்ரேம் போடல தம்பி. இதுக்கு லேமினேஷன்!

தண்ணியா? வாரத்துக்கு ரெண்டு தரம். திங்கள், வியாழன். ஒரு டம்ளர். பட்டை காஞ்சிருக்கான்னு விரலை விட்டுப் பாத்துட்டுத்தான்... சரி, ஈரமாத்தான் இருந்துது. ஜன்னலோரமாச்சே, சாரல் அடிச்சிருக்கும்னு நெனைச்சேன். ஆமா, நாலு மாசமா மழையே இல்லதான். அதை நீங்க இப்ப எடுத்துச் சொல்லணுமா?

ஐயோ, மெதுவா! புடிச்சு உருவாதீங்க. இதுவா வேரு? அழுகின வாழைப்பழத் தோல் மாதிரில்ல இருக்கு. அந்த மொட்டைத் தண்டுல கை வெக்காதீங்க, பழைய தண்டுலயும் பூ வரும்னு அட்டையில போட்டிருக்கு. உங்களுக்கே தெரியுமா? சரி சரி.

வேற யாராச்சும் ஊத்தறாங்களான்னா... ம். அங்கதான் வர்றேன். நான் கண் ஆஸ்பத்திரியில சீட்டு குடுக்கற எடத்துல இருக்கேன். அடுத்த நம்பர், அடுத்த நம்பர்னு கத்தற தொண்டை இருக்கே, அது இதுதான். நேத்து கம்ப்யூட்டர் படுத்துருச்சுன்னு சீக்கிரமா அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்து கதவைத் தொறக்கறேன், எங்க வீட்டுக்காரரு செடி முன்னாடி குனிஞ்சு நிக்கறாரு. கையில இருமல் மருந்து மூடி. அதை இப்படி, பாருங்க, இப்படிக் கண்ணு மட்டத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கிட்டு, கோடு சரியா இருக்கான்னு பாத்துட்டு, ஊத்தி, பதினாலு... ஊத்தி, பதினஞ்சு... பதினெட்டு மூடி தம்பி, சரியா ஒரு டம்ளர்! தராசுக்கு முத்திரை போடற ஆபீஸ்ல முப்பத்திரெண்டு வருஷம் இருந்து ரிட்டயர் ஆன மனுஷன். ஒரு சொட்டு கூடல, குறையல. அவ்வளவு துல்லியமா அழுக வெச்சிருக்காரு.

காலண்டர்ல செவ்வாய், வெள்ளி மேல எல்லாம் பொடிப்பொடியா பென்சில் புள்ளி. நான் பூச்சி முட்டைன்னு துடைச்சுத் துடைச்சுப் பாத்தேன், போகல. எண்ணிப் பாத்தா நாலு மாசமா. அப்ப நான் ஒரு வாரம் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன். அன்னிக்கு ஆரம்பிச்சவரு நிறுத்தவே இல்ல.

சொல்லலாம்தான் தம்பி. நான் வந்துட்டேன், நானே ஊத்திக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லலாம். வாய் இருக்குல்ல. நீங்க செடியைப் பாருங்க.

என்னது, பத்து நாள் இங்க விட்டுட்டுப் போகணுமா? வெளையாடறீங்களா? அழுகினதை வெட்டி, புதுப் பட்டை போட்டு, சாயங்காலத்துக்குள்ள குடுத்துருங்க. நான் இப்படியே இந்த உரமூட்டை மேல உக்காந்துக்கறேன். அதுவரைக்கும் வேற செடியா? வெள்ளைப்பூவா? அழகாத்தான் இருக்கு. ஆனா அவரு முன்னபின்ன தெரியாத செடிகிட்ட எல்லாம் பேச மாட்டாரு.

ம்... ஆமா. இதுகிட்டதான் பேசறாரு. நானும்தான்.

சிரிக்காதீங்க. ரெண்டு வருஷம் முன்னாடி அவருக்கு ரிட்டயர்மென்ட் விழா. வீட்டம்மா ரெண்டு வார்த்தை பேசணும்னு என் கையில மைக்கைக் குடுத்துட்டாங்க. எனக்கு மைக்! நான் அவரு மாதிரியே தொண்டையைச் செருமி, அதாவது என்னன்னான்னு ஆரம்பிச்சு, வீட்ல உப்பு டப்பாவை எப்படித் தூக்கிப் பாப்பாரு, காய்கறிக்காரன்கிட்ட தராசை எப்படித் தட்டிப் பாப்பாரு, தூக்கத்துல கூட எப்படி முத்திரை குத்துவாரு, எல்லாம் செஞ்சு காட்டினேன். சனம் உருண்டு உருண்டு சிரிச்சுது. பெரிய ஆபீஸர் கண்ணாடி கீழ விழுந்துருச்சு. ஒன்ஸ் மோர்னு கத்தினாரு. ஒன்ஸ் மோர் கேட்டா யாரு தம்பி விடுவா? மூணு தரம் பண்ணேன்.

மாலையைப் போட்டுக்கிட்டு மேடையில உக்காந்திருந்தவரு மட்டும் சிரிக்கல. அன்னிக்கு என்கிட்ட மூடின வாய். வீம்புக்கு நானும் மூடிக்கிட்டேன்.

இதுக்கு நடுவுலதான் பொண்ணு இந்தச் செடியோட வந்து நின்னா. ஒரு நாள் இவரு இதுகிட்ட வந்து, அதாவது என்னன்னா, கேஸ் தீந்து போச்சுன்னாரு. நானும் துடைக்கற மாதிரி வந்து, புக் பண்ணியாச்சு, நாளைக்கு வந்துரும்னு இதுகிட்ட சொன்னேன். பொழப்பு அப்படியே ஓடுது. போன மாசம் எனக்குக் காய்ச்சல். அதாவது என்னன்னா, இந்த வீட்ல சிலபேருக்கு நேரத்துக்கு மாத்திரை போடத் தெரியலன்னு இதைப் புடிச்சு அந்தத் திட்டு திட்டறாரு. நான் உள்ள படுத்துக்கிட்டே மாத்திரையை முழுங்கினேன்.

இப்பச் சொல்லுங்க, பத்து நாள் நாங்க என்ன பண்றது?

இன்னிக்குக் காலைலயே பாருங்களேன். இதைப் பையில வெச்சிட்டு செருப்பு மாட்டிக்கிட்டு இருக்கேன். பேப்பரைச் சுருட்டிக்கிட்டு வந்தாரு. நேரா ஜன்னல்கிட்ட போனாரு. அதாவது என்னன்னா... நின்னுட்டாரு. ஜன்னல் காலி. கம்பிகிட்டயா பேசுவாரு? இந்தப் பக்கம் பாத்தாரு, அந்தப் பக்கம் பாத்தாரு, அப்புறம் திரும்பி, அது எங்கன்னாரு.

என்னைப் பாத்துதான், ரெண்டு வருஷத்துக்கு அப்புறம். வேற யாரு இருக்கா அங்க?

பையைத் தூக்கிக் காட்டினேன். செடி டாக்டர்கிட்ட கொண்டு போறேன்னேன். நானும் வரட்டான்னாரு. வேணாம்னு சொல்லிட்டு ஒரே ஓட்டமா பஸ் ஏறிட்டேன்.

தம்பி... பத்து நாள்னா சொன்னீங்க? இவ்வளவு வேரு அழுகியிருக்கு, பத்து நாள் எந்த மூலைக்கு? நல்லா தேறட்டும். ஒரு மாசம் வெச்சிக்கங்க. அவரே வந்து கேட்டாலும் குடுத்துறாதீங்க.