ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல

அந்த மணிய அமுக்காதீங்க சார். அது கீழ என் ரூம்லதான் அடிக்கும். நான் இங்க உங்ககூட நிக்கிறேன், அங்க யாரு எடுப்பா? இந்த யுனிவர்சிட்டியில லிஃப்டுக்குன்னு இருக்கறது நான் ஒருத்தன்தான்.

ரெண்டாவது மாடிக்கும் மூணாவதுக்கும் நடுவுல நிக்கிறோம், அவ்ளோதான். கம்பிக் கதவு, காத்து நல்லா வருது. உங்க பெட்டி மேலயே உக்காருங்க. போனா? இரும்புக் கூண்டு சார், டவர் எடுக்காது.

நாலாவது மாடியா? ஓ, சர்வதேச உறவுத் துறை. பிஎச்டி பொண்ணுகிட்ட கேள்வி கேக்க வந்திருக்கீங்களா? அட, என் பொண்ணும் அதான் சார் படிக்கிறா. நாடுங்க ஒண்ணுக்கொண்ணு எப்படி நடந்துக்கணும், ஐ.நா. சபை சொன்னா ஏன் ஒருத்தனும் கேக்கறதில்ல, எது நியாயம், எது அநியாயம்... ஏழு வருஷமா இதே. சொந்தக்காரங்க கேட்டா, உலகத்துக்குப் பஞ்சாயத்து பண்ணப் படிக்கிறான்னு சொல்லிடுவேன்.

என்னது, அந்தப் பச்ச அட்ட புஸ்தகம் நீங்க எழுதுனதா? எங்க வீட்ல இருக்கு சார்! தடிமனா இருக்குமே. ஜன்னல் கதவு அடிச்சுக்காம இருக்க அதத்தான் வைப்போம். என் பொண்ணு திட்டுவா. அவளுக்கு அது மேல அவ்ளோ மரியாத. அதுல இருக்கறது தப்புன்னு நாப்பது பக்கம் எழுதியிருக்கான்னா பாத்துக்கங்களேன்.

தண்ணி குடிங்க சார்.

எங்க வீட்ல ஒரே பாத்ரூம். என் பொண்டாட்டிக்கும் எங்கக்காவுக்கும் தினம் காலையில யுத்தம். என் பொண்ணு ஒக்காந்து ஒரு உடன்படிக்கை எழுதுனா. பதினோரு ஷரத்து. ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, கை குலுக்கி, நான் போட்டோல்லாம் எடுத்தேன். அதுல மூணாவது ஷரத்து, அவசரம்னா மனிதாபிமான அடிப்படையில வழி விடணும். போச்சா! எங்கக்கா தினம் ஆறு மணிக்கு சோப்பு, துண்டு, சீயக்காயோட வந்து, மனிதாபிமானம் மனிதாபிமானம்னு கதவத் தட்டுது. அமைதிப்படைன்னு என்னை நடுவுல நிறுத்துனாங்க. ரெண்டு வாரம் நான் குளிக்கவே இல்ல சார்.

ஏன் மீறுனீங்கன்னு அத்தைய பேட்டி வேற எடுத்தா. நாலாவது அத்தியாயத்துல அடிக்குறிப்பா போட்டிருக்கா.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? அந்த அடிக்குறிப்பப் படிச்சிருக்கீங்களா? எங்க... எப்ப?

கதவு வழியா என்ன எட்டி எட்டிப் பாக்குறேன்னா? சும்மாதான். இப்படிப் பாத்தா மாடிப்படி தெரியும். யாராவது போனா கால் மட்டும் தெரியும்... ஒரு நிமிஷம் சார்... ஆங். ஏறிட்டா. நீலச் செருப்பு. மூணு மூணு படியா தாவுறா, அவங்கம்மா பாத்தா கத்துவா.

சரி சார், போலாமா?

என்ன பண்ணேனா? சாவியத் திருப்புனேன், கெளம்பிடுச்சு. ரிப்பேரெல்லாம் ஒண்ணும் இல்ல, நான்தான் நிறுத்துனேன். பஸ்ஸு நடுவழியில நின்னுடுச்சுப்பா, கால் மணி ஆகும்னு என் பொண்ணு போன் பண்ணா. போன வெச்சுட்டுத் திரும்புறேன், நீங்க பெட்டியோட நிக்கிறீங்க. நீங்க லேட்டா போனா தேர்வு காத்துக்கிட்டு இருக்கும். அவ லேட்டா போனா இன்னும் ஆறு மாசம் தள்ளிப் போயிடும் சார்.

தப்புதான். இல்லேங்கல. புகார் எழுதிக் குடுங்க, என் பேரு சட்டையிலயே தச்சிருக்கு. அவகிட்ட என்ன வேணா கேளுங்க, பதில் சொல்லுவா. இத மட்டும் சொல்லிடாதீங்க. நீங்களாவது போனாப் போகுதுன்னு விட்டாலும் விடுவீங்க. அவ விடமாட்டா. அவளே என் மேல எழுதிக் குடுத்துட்டு, சாட்சிக்கு உங்களயே கூப்பிடுவா.

நாலாவது மாடி. பாத்து எறங்குங்க சார், தரை ஒரு வெரக்கடை ஒசரம். அது மட்டும் நெஜமாவே ரிப்பேரு.