பேர்சொல்லிக்கல்

ரொம்ப ரொம்பக் காலம் முந்தி. ரயிலும் கிடையாது, ரோடும் கிடையாது. பாளையக்காரங்க ஆளுக்கொரு கோட்டையக் கட்டிக்கிட்டு, விடிஞ்சா சண்டை, பொழுது சாஞ்சா சண்டைன்னு கெடந்த காலம். அப்ப நம்ம ஓடமரத்துப்பட்டியில மாயக்கா மாயக்கான்னு ஒருத்தி இருந்தாளாம். நம்ம வகையறாவுக்கு மூத்தவ அவதான். ஏண்டி மூஞ்சியச் சுளிக்கிறீங்க? நல்லவங்க கதை மட்டும்தான் கேப்பேன்னா வேற ஆளப் பாருங்க. என்கிட்ட இருக்கிறது இதுதான்.

நம்ம பாளையத்துக்கும் ஆவாரங்கோட்டைக்கும் கம்மாத் தண்ணிக்காகச் சண்டை. அந்தச் சண்டையில மாயக்காவோட தம்பி சின்னாண்டியப் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. கோட்டைக்குள்ள தொழுமரத்துல காலை மாட்டிப் பூட்டிப் போட்டுட்டாங்களாம். தாயில்லாப் புள்ள. அவ இடுப்புல வச்சு வளர்த்த புள்ள.

மாயக்கா நேரா நம்ம பாளையத்துப் படைய நடத்துற தளவாய்கிட்டப் போய், "என் தம்பிய மீட்டுக் குடுங்கய்யா"ன்னு நின்னாளாம்.

"எப்படிம்மா மீட்குறது? கோட்டை வாசல்ல ஈ எறும்ப விட மாட்டேங்குறான். எண்ணெய் விக்கப் போனவனையே அடிச்சு வெரட்டிட்டான். உள்ள ஒரு ஆளு போயி, எந்த நேரம் அசந்திருக்காங்கன்னு பாத்துச் சொன்னாப் போதும்"னாராம் தளவாய்.

மாயக்கா யோசிச்சா. யோசிச்சு யோசிச்சு, "நான் போறேன்யா. எழவு வீட்டுக்கு அழுதுக்கிட்டு வர்ற பொம்பளைய எந்த வாசக்காரனும் நிறுத்த மாட்டான்"னாளாம்.

பாத்தீங்களா புத்திய! அது நம்ம ஊரு வழக்கம், அவுக ஊரு வழக்கம், எல்லா ஊருக்கும் உள்ள வழக்கம். தலைய விரிச்சுப் போட்டு, மாருல அடிச்சுக்கிட்டு ஒருத்தி வந்தா, யாரு என்னன்னு கேக்குறது இல்ல. அந்த வழக்கத்துக்குள்ளதான் அவ பூந்தா.

அந்தச் சண்டையில செத்தவங்கள்ல ஆவாரங்கோட்டைப் பூவாயியோட மூத்த மகனும் ஒருத்தன். நம்ம ஆளு வெட்டித்தான் செத்தான். அந்த எழவுக்குத்தான் போனா. "அண்ணே, நான் வர்ற வழியப் பாத்து நிக்க மாட்டியா அண்ணே"ன்னு கத்திக்கிட்டே போனாளாம். வாசக்காரன் தலையக் குனிஞ்சு வழி விட்டானாம். பூவாயி ஓடி வந்து கட்டிப்புடிச்சாளாம். ரெண்டு பேரும் தோளோட தோள் சேர்த்து அழுதாங்களாம். தாய் வழிச் சொந்தம்னு தகப்பன் வழிக்காரங்க நெனச்சாங்க. தகப்பன் வழின்னு தாய் வழிக்காரங்க நெனச்சாங்க. ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.

எல்லாரும் கலைஞ்சு போனாங்க. மாயக்கா போகல. "கருமாதி வரைக்கும் இருந்துட்டுப் போறேன் ஆத்தா"ன்னாளாம்.

"இரு தாயி. பொம்பளைப் புள்ள இல்லாத வீடு. இரு"ன்னாளாம் பூவாயி.

இருந்தா. பூவாயி கம்பங்கஞ்சியக் கரைச்சு, அவளுக்கு ஊத்திட்டுத்தான் தன் வாய்ல வைப்பாளாம். சிக்கு விழுந்த தலையப் பாத்துட்டு, இழுத்து உக்கார வச்சு எண்ணெய் தேய்ச்சு விட்டாளாம். இளைய மகன் இருளப்பன், "அக்கா, அக்கா"ன்னு வந்து நிப்பானாம். அவனுக்கும் சின்னாண்டி வயசுதான். மாயக்காவுக்குப் பேசாம ஓடிப் போயிடுவோமான்னு இருந்துச்சாம்.

ஒரு நாள் தண்ணிக்குப் போற வழியில தொழுமரத்தப் பாத்தா. சின்னாண்டி கெடக்கான். எலும்பும் தோலுமாக் கெடக்கான். அக்காவப் பாத்தும் அவனுக்கு அடையாளம் தெரியல.

அதோட மனச இறுக்கிக்கிட்டா. கம்மாக்கரையில நம்ம பாளையத்து ஆளு ஒருத்தன், ஆடு மேய்க்கிறவன் மாதிரி நின்னுக்கிட்டு இருந்தான். குடத்தத் தேய்க்கிற சாக்குல அவன்கிட்டச் சொன்னா.

"பூவாயி மகனுக்குக் கருமாதி வருது. ஊர் ஆம்பளைக பூராம் கம்மாயில முழுகி எந்திரிக்க வருவாங்க. ஈரத் துண்டத் தவிர ஒண்ணும் இருக்காது. ஒருத்தன் கையிலயும் ஆயுதம் இருக்காது."

சொல்லிட்டு, "யாரையும் வெட்டக் கூடாது. கட்டிப் போட்டுட்டு என் தம்பிய மட்டும் கூட்டிட்டு வாங்க. தளவாய்கிட்டச் சொல்லு"ன்னாளாம்.

"சொல்றேன், சொல்றேன்"னானாம்.

சொன்னானோ, சொல்லலையோ. கருமாதி அன்னைக்கு இருளப்பன் மொட்டைத் தலையோட, அண்ணனுக்கு வச்ச பிண்டத்தத் தண்ணியில கரைக்கக் குனிஞ்சிருக்கான். நம்ம ஆளுக கரை மேல ஏறி வந்துட்டாங்க. குனிஞ்சவன் நிமிரல. அவனோட எத்தனையோ பேரு. கம்மாத் தண்ணி செவந்து போச்சுன்னு சொல்லுவாங்க. எந்தத் தண்ணிக்காகச் சண்டையோ அந்தத் தண்ணி.

சின்னாண்டி காலை அவுத்து விட்டாச்சு. நம்ம பக்கம் கொட்டு மேளம். மாயக்கா தம்பியக் கூட்டிக்கிட்டு அப்படியே வந்திருக்கலாம். வரல. கம்மாக்கரைக்குப் போனா. பூவாயி இருளப்பன் தலைய மடியில வச்சு உக்காந்திருக்கா. இவ போயி முன்னால நின்னா. வாயத் தொறந்தா. சத்தம் வரல. கண்ணுலயும் ஒண்ணும் வரல.

பூவாயி நிமிந்து பாத்தாளாம். "மூத்தவனுக்கு அம்புட்டு அழுத. இவனுக்கு ஏண்டி அழுகை வரல?"

பூவாயியே மேல சொன்னா.

"நீ எனக்கு ஒரு வழியிலயும் ஒறவில்லன்னு, வந்த அன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ளயே எனக்குத் தெரியும் தாயி. என் மகனுக்காக அழுதவள எப்படிப் போகச் சொல்றது? அதான் யாருன்னு கேக்கல. இப்பக் கேக்குறேன். நீ யாரு? எந்த ஊரு?"

அந்த எடத்துல நின்னுதான் மாயக்கா தன் பேரச் சொன்னாளாம். ஊரச் சொன்னாளாம். செஞ்சதையும் சொன்னாளாம். பூவாயி அவளத் திட்டல, மண்ணத் தூத்தல. குனிஞ்சு மகன் மொகத்தத் தொடைச்சுக்கிட்டே இருந்தாளாம்.

நம்ம ஆம்பளைக இன்னைக்கும் சொல்லுவாங்க, "தம்பிக்காகத்தான செஞ்சா, அவ என்ன வெட்டவா சொன்னா"ன்னு. எனக்கு அந்தச் சமாதானம் ஒட்டல. அவன் பொழைச்சு வந்ததுனாலதான் நம்ம வம்சமே தழைச்சது. நீயும் நானும் இங்க உக்காந்து வெத்தல போடுறோம். இருளப்பன் வம்சம் எங்க?

அதுக்கப்புறம் ஆவாரங்கோட்டையில எந்த எழவு விழுந்தாலும் மாயக்கா நடந்தே போவாளாம். உள்ள போக மாட்டா. கம்மாக்கரையில அவ பேரச் சொன்ன எடத்துல ஒரு கல்லு கெடக்கு. அதுகிட்ட நின்னு, "ஓடமரத்துப்பட்டி மாயக்கா வந்திருக்கேன். வரலாமா?"ன்னு கேப்பாளாம். அவுக கூப்புட்டாத்தான் போவாளாம். அவளுக்குப் பொறவு அவ தம்பி மக, அந்த மக மக. அந்தக் கல்லுக்குத்தான் பேர்சொல்லிக்கல்லுன்னு பேரு. நம்ம வகையறாப் பொம்பளைக இன்னைக்கும் அங்க நின்னு பேரச் சொல்லிக் கேக்காம அந்த ஊரு எழவுல அழக் கூடாது.

போன தை மாசம்கூட நான் போனேன். பஸ்ஸ விட்டு எறங்கி, கல்லுகிட்ட நின்னு, "மாயக்கா வகையறா வெள்ளத்தாயி வந்திருக்கேன், வரலாமா"ன்னு கேட்டேன். செத்தவரோட மருமக எந்திரிச்சு வந்து, "வாங்கம்மா"ன்னு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா.

ஒரு தடவையாச்சும், ஒருத்தியாச்சும், "வராத, போடி"ன்னு சொல்லியிருந்தா நம்ம பாரம் எறங்கியிருக்கும். இத்தனை தலைமுறையா ஒருத்தி சொல்லலையே.