ரத்தம் புறப்பட்டுவிட்டது

பெங்களூரில் எங்கள் அலுவலகத்துக்குக் கீழே ஒரு தர்ஷினி, அதாவது நின்றபடியே சாப்பிடும் சின்ன ஓட்டல், இருக்கிறது. ஒன் பை டூ காபி கேட்டால் இரண்டு டம்ளரிலும் தாராளமாக ஊற்றுவார்கள். அந்தக் காபிக்காகவே ஆறு வருஷம் வேலை மாறாமல் இருந்தேன். நான் பேராசைக்காரன் இல்லை என்று புரியத்தான் இதைச் சொல்கிறேன்.

வேலை சிக்கலானதில்லை. ஆஸ்பத்திரி ரத்தம் கேட்கும். எங்கள் சர்வர் அதை ரத்த வங்கிக்கு அனுப்பி, வங்கி சரி சொன்ன பிறகு ஆஸ்பத்திரித் திரையில் 'ரத்தம் புறப்பட்டுவிட்டது' என்று பச்சையில் காட்ட வேண்டும். வங்கி பதில் சொல்ல எட்டு நொடி ஆகும். எட்டு நொடி சுழலும் திரையைப் பார்க்க இந்த ஊரில் யாருக்குப் பொறுமை இருக்கிறது? பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லும் அந்த ஒரு சொல்லை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன். திரை உடனே பச்சையானது. வங்கி கையை விரித்தால் அந்தச் செய்தியைப் பிடித்து அப்படியே விழுங்கிவிட இன்னொரு வரியும் எழுதினேன். வேகத்தை மெச்சி எனக்கு மைசூர் பேட்டா என்கிற ராஜா தலைப்பாகை கட்டி, சால்வை போர்த்தினார்கள்.

ஸ்பூர்தி வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் வம்பு. தாவணகெரெக்காரி. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு எண் கொடுத்து, அது போகிற இடத்துக்கெல்லாம் அந்த எண்ணையும் கூடவே அனுப்பினாள். எது எங்கே நின்றது என்று நூல் பிடித்துப் போய்க் கண்டுபிடிக்கலாம். மூன்றே நாளில் என் மேஜைக்கு வந்து நின்றாள்.

"சார், பதினோரு கோரிக்கைக்கு ரத்தமே கிளம்பல. பதினொண்ணுக்கும் நாம பச்சை காட்டியிருக்கோம்."

"நெட்வொர்க் கோளாறா இருக்கும்மா."

"நெட்வொர்க் வந்து 'கையிருப்பு இல்ல'ன்னு சொல்லுமா சார்?"

கெட்டிக்காரி. அவள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு. அந்த எண்ணால் நான்கு மில்லிநொடி தாமதமாகிறது என்று எழுதி, அவள் செய்ததை மொத்தமாக நீக்கினேன். மறுநாள், நான் அந்தச் சொல்லை எடுத்த ஃபைலையே திறந்து காட்டி, "இந்த ஃபைல்ல வரிகளோட இடைவெளியெல்லாம் கோணல்மாணலா இருக்கு, நேராக்கிடும்மா" என்றேன்.

"சார், இங்க பதிலுக்குக் காத்திருக்கவே இல்லையே?"

"அதை அடுத்த வாரம் பாக்கலாம். இப்ப இடைவெளி மட்டும்."

நூற்று நாற்பது வரியையும் நேராக்கினாள். எங்கள் தொழிலில் ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் அதைக் கடைசியாகத் தொட்டவர் பெயர் நிற்கும். முதலில் எழுதியவர் யார் என்று தோண்டிப் பார்க்கலாம், ஆனால் யாரும் பார்ப்பதில்லை. இதை நான் நன்றாக யோசித்துத்தான் செய்தேன்.

பன்னிரண்டாவது கோரிக்கை ஹாசனிலிருந்து வந்தது. நேத்ராவதி என்ற பெண்ணுக்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு. பச்சையைப் பார்த்துவிட்டதால் டாக்டர்கள் வேறு எங்கும் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம். குழந்தை பிழைத்துக்கொண்டது. நல்லதையும் சொல்ல வேண்டுமல்லவா.

எங்கள் கம்பெனியில் ஒரு கோளாறு நடந்தால், யாரையும் குறை சொல்லாமல் காரணத்தை மட்டும் தேடும் கூட்டம் போடுவார்கள். நானும் யாரையும் குறை சொல்லவில்லை. ஃபைலைத் திரையில் போட்டேன், அவ்வளவுதான். மேலிருந்து கீழ்வரை ஸ்பூர்தி, ஸ்பூர்தி என்று நின்றது.

"என்னம்மா இது? ஒரு உயிர் போயிருக்கே" என்றார் மேலாளர் ஷெணாய்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "ஹெப்பார் சார், நீங்களாவது சொல்லுங்க."

"பாவம், புதுசு. விட்டுடுங்க சார்" என்றேன். பரிந்துதான் பேசினேன்.

அன்று மதியமே அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது வழக்கு அவள் பெயரில் நடக்கிறது.

ஆக, நேத்ராவதியைக் கொன்றது நான். பதினோரு முறை தெரிந்தும் விட்டுவைத்தேன், பன்னிரண்டாவதற்கு ஆள் தயார் செய்து வைத்தேன். மனசு கேட்காமல் இதையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி, இன்று காலை ஸ்பூர்திக்கு அனுப்பினேன், அவளுடைய அலுவலக மின்னஞ்சலுக்கு. அவள் போன அன்றே அதை மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான். ஆனால் எனக்குத் தெரிந்த முகவரி அது ஒன்றுதான்.

'அனுப்பப்பட்டது' என்று பச்சையில் வந்தது. மனசு லேசாகிவிட்டது. கீழே இறங்கிப் போய் ஒரு காபி குடித்தேன்.